முதல் அம்பை நம்பிப் பிடியைத் தேர்ந்தெடுங்கள்

மிச்சிகன் காடுகளுக்கு மரவில்லோடு முதல்முறை போகவிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அக்டோபர் 1 நெருங்குகிறது. மிச்சிகனில் வில்லாளிகளுக்கான மான் வேட்டைப் பருவம் அன்றுதான் தொடங்கும். இந்த ஆண்டு காம்பவுண்ட் வில்லைத் தவிர்த்து, கப்பியும் குறிகாட்டியும் இல்லாத லாங்போவோ ரீகர்வோ எடுத்துக்கொண்டு போவதென்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. பயிற்சித் திடலில் நீங்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்து வருகிறேன். எத்தனை பவுண்டு வில் வாங்கலாம், கார்பன் அம்பா மர அம்பா, இறகு எத்தனை அங்குலம் இருக்கவேண்டும். எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் வில்லின் பிடியைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்கும் ஒன்றிரண்டு பேரும், “எது பெஸ்ட்னு சொல்லுங்க, அதையே வாங்கிடறேன்” என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பிடியைப் பற்றி நான் சொல்வது இலக்குப் பலகைக்கும் பொருந்தும்; அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ளவர்களும் உரிமம் இல்லாமல் காட்டில் கால் வைக்கக் கூடாது. 1960-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் முதன்முறை உரிமம் எடுக்கும்போது வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழையும் காட்டவேண்டியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வில்லை நம் உடம்பு தொடுவது இரண்டே இடங்களில். ஒன்று நாணை இழுக்கும் விரல்கள், மற்றொன்று பிடியை ஏந்தும் உள்ளங்கை. பாடமெல்லாம் முதலாவதற்கே நடக்கிறது. நாணை எங்கே நிறுத்துவது, எப்படி விடுவது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் விரல்கள் நாணை விட்டதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அம்போ இன்னும் நாணில்தான் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் அது வில்லோடு சேர்ந்தே பயணிக்கிறது. அந்த நேரத்தில் வில்லைத் தொட்டுக்கொண்டிருப்பது பிடித்த கை மட்டுமே. அந்தக் கை வில்லை இடமோ வலமோ சற்றே முறுக்கினால் அம்பு அந்த முறுக்கையும் சுமந்துகொண்டுதான் கிளம்பும்.

அதன் விலை என்னவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மரவில் வேட்டையில் பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் எல்லை 20 கஜம், அதாவது சுமார் 18 மீட்டர். அந்தத் தொலைவில் அம்பு கிளம்பும் திசை ஒரே ஒரு பாகை பிசகினால் போய்ச் சேரும் இடம் 32 சென்டிமீட்டர் விலகும். அரைப் பாகை பிசகினால் 16 சென்டிமீட்டர். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சாப்பாட்டுக் காகிதத் தட்டின் அளவுதான். நடுவிலிருந்து விளிம்புவரை 10 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். அரைப் பாகைப் பிசகு போதும், மான் வயிற்றில் அம்போடு ஓடும். சாவதற்கு மணிக்கணக்கில் ஆகும். பிடி என்பது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தக் கவலை பந்தய வில்லாளிக்கும் உண்டு. ஆனால் அவருக்குக் கிடைக்கும் ஒரு வசதி உங்களுக்குக் கிடையாது. அவர் போட்டிக்கு முன் பயிற்சி அம்புகள் எய்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வார். கை எங்கே அமர்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்வார். முதல் அம்பு பிசகினால் அடுத்ததில் சரிசெய்வார். நீங்களோ விடியுமுன் பரணில் ஏறி, அசையாமல் மூன்று மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருப்பீர்கள். கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்கும். தடித்த ஜாக்கெட் தோளை இறுக்கியிருக்கும். மான் வரும்போது அரைகுறையாக எழுந்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டு, நெஞ்சு படபடக்க நாணை இழுப்பீர்கள். அன்றைய முதல் அம்பும் கடைசி அம்பும் அதுவே.

ஆகவே நீங்கள் தேடவேண்டியது நூறு அம்பு எய்தபின் சுகமாக இருக்கும் பிடியை அல்ல. குளிர்ந்த கையில், முதல் இழுப்பிலேயே, யோசிக்காமல் அதே இடத்தில் வந்து உட்காரும் பிடியை. இந்த மடல் முழுக்கச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

பிடிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்: உயர் மணிக்கட்டு, நடு மணிக்கட்டு, தாழ் மணிக்கட்டு.

உயர் பிடியில் மணிக்கட்டு நேராக, கையின் மேற்புறத்தோடு சமமாக நிற்கும். வில்லின் சுமை முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவையில் விழும். உள்ளங்கையின் கீழ்ப்பகுதி வில்லைத் தொடாது. தொடும் பரப்பு சிறியது என்பதால் வில்லை முறுக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துவது தசையின் வேலை. தசை சோர்ந்தாலோ குளிரில் விறைத்தாலோ மணிக்கட்டு தானாகக் கீழே சரியும். அப்போது அழுத்தம் பிடியின் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். பெரும்பாலும் அம்பு குறிக்கு மேலே போகும்.

தாழ் பிடியில் உள்ளங்கையின் அடிமேடு முழுக்கப் பிடியில் அழுந்தியிருக்கும். மணிக்கட்டு பின்னோக்கி மடிந்திருக்கும். முன்கை எலும்பே சுமையைத் தாங்குவதால் தசைக்கு வேலை குறைவு. இதற்கு மேல் சரிய இடமில்லை என்பதே இதன் பலம். ஆனால் தொடும் பரப்பு பெரியது. பதற்றத்தில் விரல்கள் இறுகினால் வில் திரும்பிவிடும். முன்கையும் நாணின் பாதைக்குள் சற்று நுழையும். முழங்கையைத் திருப்பி வைத்துக்கொள்ளாதவர்கள் நாணடி படுவார்கள்.

நடு மணிக்கட்டுப் பிடி, பெயரே சொல்வதுபோல, இரண்டின் நன்மையிலும் தீமையிலும் பாதிப் பாதி.

இவற்றுக்குமேல் பிடியின் வடிவம் என்று ஒன்று இருக்கிறது. பழைய பாணி லாங்போவின் பிடி நேராக, தோல் சுற்றிய வெறும் கழியாக இருக்கும். கை எங்கே உட்காரவேண்டும் என்று அது சொல்லாது. நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்கவேண்டும். இன்றைய லாங்போக்கள் பலவற்றில் கவை அமரும் இடத்தில் லேசாகக் குடைந்திருப்பார்கள். கை அங்கே தானாக வழுக்கிப் போய் நின்றுவிடும். ரீகர்வ் வில்களில் துப்பாக்கிப் பிடி போல ஆழமாகச் செதுக்கியிருப்பார்கள். உங்கள் கைக்கு அது பொருந்தினால் அதைப்போல நம்பகமானது வேறில்லை. பொருந்தாவிட்டால் ஒவ்வொரு அம்பிலும் அது உங்களோடு சண்டை போடும். தடித்த கையுறை போட்டால் சண்டை இன்னும் பெரிதாகும்.

இங்கேதான் பலரும் தங்கள் நாயகரைப் பார்த்துப் பிடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹோவர்ட் ஹில்லின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1938-இல் வெளிவந்த ராபின் ஹூட் படத்துக்கு அம்பு எய்து கொடுத்தவர். 1953-இல் வேட்டையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவருடையது நேரான பிடி, தாழ் மணிக்கட்டு. சூட்கேஸைத் தூக்குவதுபோல வில்லைப் பிடி என்பது அவர் வழிவந்தவர்கள் இன்றும் சொல்லும் பாடம். அந்தப் பாடத்தில் நியாயம் இருக்கிறது. பழைய பாணி லாங்போ எடை குறைந்தது. நாண் விட்டதும் கையில் அதிரும். தளர்வாகப் பிடித்தால் அது துள்ளும். ஒரே அளவான உறுதியோடு பிடித்தால்தான் அடங்கும். ஆனால் ஹில் ஆஜானுபாகு. நாமெல்லாம் இரண்டு கையால் இழுக்கத் திணறும் வில்களை அநாயாசமாக இழுத்தவர். அவர் பிடி அவர் வில்லுக்கும் அவர் கைக்கும் பொருந்தியது.

நம் மிச்சிகனின் பிரெட் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் கிரேலிங் ஊரில் தொழிற்சாலை வைத்து, செதுக்கிய பிடியும் கண்ணாடியிழைப் பூச்சும் கொண்ட ரீகர்வ் வில்களை அமெரிக்கா முழுவதும் கொண்டுசேர்த்தவர். ஒரே தலைமுறையைச் சேர்ந்த இந்த இருவரும் பிடியில் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். இருவருமே வேட்டையில் பேர் பெற்றார்கள்.

இன்னும் பின்னே போனால் இஷி. 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தன்னந்தனியாக வெளிப்பட்ட யாஹி இனத்தவர். அவருடைய வில் ஏறத்தாழ மூன்றரை அடி நீளம்தான். அதை ஏறக்குறையப் படுக்கைவாட்டில் ஏந்தி, நாணைக் கட்டைவிரலால் இழுத்து எய்வார். அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். அமெரிக்காவில் வில் வேட்டை மறுபடி தழைத்ததற்கு 1923-இல் போப் எழுதிய நூல் பெரும் காரணம். கவனிக்கவேண்டியது என்னவென்றால், இஷியை அத்தனை மதித்த போப், வேட்டைக்குப் போகும்போது எடுத்துச் சென்றது ஆங்கிலேய பாணி யூ மர லாங்போவை. ஆசானிடம் வித்தையை வாங்கிக்கொண்டார். பிடியைத் தன் கைக்கேற்ப வைத்துக்கொண்டார். நாமும் ஹில்லையும் பேரையும் அப்படித்தான் மதிக்கவேண்டும்.

எல்லாப் பிடியிலும் ஒரு குறை இருக்கிறது. உயர் பிடியின் குறை மணிக்கட்டு சரிவது. தாழ் பிடியின் குறை விரல் இறுகுவது. எந்தக் குறையை உங்களால் குளிரிலும் பதற்றத்திலும் அடக்க முடியும் என்று கேளுங்கள். விறைத்த தசையைக் கட்டளை போட்டு நிமிர்த்த முடியாது. விரலைத் தளர்த்துவதைப் பழக்கத்தில் கொண்டுவரலாம். ஆகவே புதிதாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு இது: கவை அமரும் இடத்தில் லேசாகக் குடைந்த, தாழ்வுக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பிடி. அடிமேடு பிடியில் லேசாக ஊன்றியிருக்கட்டும். விரல்கள் வில்லைச் சுற்றிக் கிடக்கட்டும். இறுக்கவும் வேண்டாம், விறைப்பாக விரிக்கவும் வேண்டாம்.

இதற்கு விலக்கு உண்டு. உங்களில் முக்கால்வாசிப் பேர் பகலெல்லாம் கணினி முன் உட்காருகிறவர்கள். மணிக்கட்டில் வலியோ விரலில் மரமரப்போ ஏற்கெனவே இருந்தால், சுமையோடு மணிக்கட்டைப் பின்னோக்கி மடிக்கும் தாழ் பிடி அதை அதிகப்படுத்தலாம். அப்படிப்பட்டவர்கள் மணிக்கட்டு நேராக நிற்கும் பிடியையும், தசை சலிக்காமல் தாங்கும் அளவுக்குக் குறைந்த பவுண்டு வில்லையும் பாருங்கள். முதலில் மருத்துவரையும் பாருங்கள்.

கடையில் வில்லை எடுத்துப் பார்த்து “கைக்கு அடக்கமாக இருக்கிறது” என்று முடிவு செய்யாதீர்கள். நாண் இழுக்காத வில்லின் பிடி எல்லோருக்கும் அடக்கமாகத்தான் இருக்கும். இழுத்துப் பார்க்கவேண்டும். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. வைக்கோல் பலகைக்கு மூன்று நான்கு கஜம் முன்னால் நின்று, அம்பு பூட்டி, பலகையைப் பார்த்துத் திசையை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி இழுங்கள். கை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். எய்தபின் கண்ணைத் திறந்து பாருங்கள். இதையே சில நாள் திரும்பத் திரும்பச் செய்தால் உங்கள் கை எந்தப் பிடியைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு முகப்பவுடர் போதும். இந்தக் கோடையில் திடலுக்கு வந்த தங்கை ஒருத்திக்கு அம்புகள் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று போய்க்கொண்டிருந்தன. நாண் விடுவதில்தான் கோளாறு என்று எல்லோரும் அவளுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார்கள். அலுவலக நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த ரீகர்வ் அது. ஆழமான துப்பாக்கிப் பிடி. அவள் உள்ளங்கையில் பவுடர் தடவி, வில்லின் பிடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரே ஒரு அம்பு எய்யச் சொன்னோம். பிடியில் வெள்ளைத்தடம் இரண்டு துண்டாகப் பதிந்திருந்தது: கவைக்குக் கீழே ஒரு கீற்று, சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் ஒரு திட்டு. நடுவே கட்டைவிரலடி மேடு படவேண்டிய இடத்தில் மரம் மட்டும் பளபளத்தது. பிடி அவள் கைக்குப் பெரியது. கவை ஆழத்தை எட்டுவதற்காக அவள் கையை உள்பக்கம் சுழற்றி வைத்திருந்தாள். சுழற்சி ஒவ்வொரு அம்புக்கும் கொஞ்சம் மாறியது. உள்ளங்கை ரேகைகளில் ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கம் சுமை விழவேண்டும். அதைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கம் போனால் வில் முறுக்கும். வேறொரு வில்லை, ஒடுங்கிய கழுத்துள்ள பிடியோடு, கொடுத்தோம். பவுடர் ஒரே தடமாகப் பதிந்தது. நாண் விடும் விரல்களைப் பற்றி அதன்பின் யாரும் உபதேசம் செய்யவில்லை.

வேறு வில் கிடைக்காதவர்கள் கவலைப்படவேண்டாம். பிடி என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய பகுதி. தாழ்வான பிடியை உயர்த்த, தோல் சுற்றுக்கு அடியில் ஒரு தோல்துண்டை வைத்துக் கட்டிப்பாருங்கள். சில நாள் எய்துபார்த்துத் திருப்தியானபின் எபாக்ஸி மக்கு வைத்து நிரந்தரமாக்குங்கள். பெருத்த மரப்பிடியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். சேர்த்ததை எடுத்துவிடலாம், தேய்த்ததைத் திரும்ப ஒட்டமுடியாது என்பதால் சேர்ப்பதை முதலில் செய்யுங்கள். வில்லின் மரமும் கண்ணாடியிழையும் சேரும் இடத்தில் மட்டும் அரம் படக்கூடாது. அந்த வேலையை வில் செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள். பளபளப்பாக வார்னிஷ் அடித்த பிடி மழையில் வழுக்கும். மெல்லிய ஸ்வேட் தோலைச் சுற்றினால் ஈரத்திலும் பிடிப்பு இருக்கும், டிசம்பர் குளிரில் மரத்தைப்போலச் சில்லிடவும் செய்யாது.

பிடியை மாற்றினால் வேறு இரண்டு கணக்குகளும் மாறும். முதலாவது இழுப்பு நீளம். வில்லின் மேல் “28 அங்குலத்தில் 45 பவுண்டு” என்று எழுதியிருப்பார்களே, அந்த நீளத்தைப் பிடியின் ஆழமான புள்ளியிலிருந்து நாண் வரை அளந்து, அதோடு 1¾ அங்குலம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஆழமாகச் செதுக்கிய பிடியிலிருந்து, அடிமேடு ஊன்றிய நேர்ப்பிடிக்கு மாறினால் உங்கள் இழுப்பு அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை குறையக்கூடும். இந்த எடை வில்களில் ஓர் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு விசை மாறும். அதே அம்பு இப்போது வில்லுக்கு விறைப்பாகிவிடும். வலக்கை வில்லாளிக்கு இடப்பக்கம் போகும். இரண்டாவது நாணில் அம்பு பூட்டும் இடம். கையின் அழுத்தம் மேலே கீழே நகர்ந்தால் வில்லின் மேல், கீழ்க் கிளைகள் சுமையைப் பங்குபோடும் விதமும் மாறும். செங்கோணத்துக்கு அரை அங்குலம் மேலே வைத்திருந்த பூட்டுக்குறியை மறுபடி சோதித்துப் பார்க்கவேண்டும். ஆகவே பிடியை முதலில் தீர்மானியுங்கள், அம்பைப் பிறகு வாங்குங்கள். நம்மவர்கள் செய்வது நேர் தலைகீழ்: ஒரு டஜன் அம்பு வாங்கி அளவாக வெட்டியபின் பிடியை மாற்றுகிறார்கள்.

கடைசியாக உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று.

ஒன்று, செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு பிடியில் கை வைக்காதீர்கள். யார் என்ன புது யோசனை சொன்னாலும் ஜனவரிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள்.

இரண்டு, காட்டில் போடப்போகும் அதே கையுறை, அதே ஜாக்கெட், அதே முன்கைக் காப்போடு பழகுங்கள். மண்டியிட்டு எய்யுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எய்யுங்கள், பரணிலிருந்து இடுப்பை வளைத்துக் கீழ்நோக்கி எய்யுங்கள். டி-ஷர்ட்டோடு சமதரையில் அழகாக அமர்ந்த பிடி, இங்கெல்லாம் அமர்கிறதா என்று பாருங்கள். அமராவிட்டால் அது வேட்டைக்கான பிடி அல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். செப்டம்பர் முழுவதும் தினமும் காலையில் எழுந்ததும், உடம்பைச் சூடேற்றிக்கொள்ளாமல், ஒத்திகை பார்க்காமல், ஒரே ஒரு அம்பு எய்யுங்கள். 15 கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. அம்பு எங்கே தைத்தது என்று அந்தத் தட்டிலேயே தேதி போட்டுக் குறியுங்கள். மாலையில் வந்து ஐம்பது அம்பு எய்து குறிபார்த்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஐம்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாத முடிவில் காலைத் தட்டுகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அம்புகள் தட்டுக்குள் இருந்தால் உங்கள் பிடி உங்களுக்கு அமைந்துவிட்டது. உயர் பிடியா தாழ் பிடியா என்று இனி யாரிடமும் கேட்கவேண்டாம். வெளியே போயிருந்தால் இந்தப் பருவத்தைத் திடலிலேயே கழியுங்கள். உரிமத்துக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். அடுத்த அக்டோபரிலும் காடு திறக்கும்.

அன்புடன்,
உங்களோடு திடலில் நிற்கும் வில்லாளி ஒருவன்
மிச்சிகன்